மடியில் கனம்

இந்தச் சாமானுக்கு 'மடிக்கணினி' என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அந்தப் பயத்தையும் இப்போது ஒரு காகிதத்தில் அச்சடித்து, கடையிலேயே தனி விலை போட்டு விற்கிறார்கள். அதற்கு 'எக்ஸ்டெண்டட் வாரண்டி' என்று பெயர். அதை வாங்குவதா, வேண்டாமா என்று எங்கள் வீட்டில் பத்து நாள் நடந்த கச்சேரியைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் பெண்ணோ பிள்ளையோ புதிதாகக் காலேஜில் காலடி வைத்திருந்தால், அடுப்பைச் சற்றுச் சிறிதாக்கிவிட்டு வந்து உட்காருங்கள்.

எங்கள் பெண்ணுக்குக் கிண்டிப் பக்கம் ஒரு காலேஜில் இடம் கிடைத்தது. சேர்ந்த மறு வாரமே, "அம்மா, லாப்டாப் இல்லாம ஒண்ணும் நடக்காது" என்றாள். எங்கள் காலத்தில் ஜியாமெட்ரி பாக்ஸ் இல்லாவிட்டால்தான் ஒன்றும் நடக்காது. சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூவருமாகக் கிளம்பி, தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோடில் ஒரு கடைக்குப் போனோம். எது வாங்குவது என்பதில் எங்களுக்குச் சிரமமே இருக்கவில்லை. பெண் முன்னமே தீர்மானித்துவிட்டுத்தான் எங்களிடம் அபிப்பிராயம் கேட்டாள். 52,000 ரூபாய். மூச்சை ஒரு தடவை உள்ளே இழுத்துக்கொண்டு சம்மதித்தோம்.

பில் போடும் இடத்தில்தான் ஆரம்பித்தது. கடைப் பையன் பவ்வியமாக ஒரு அட்டையை எடுத்து நீட்டினான்.

"மேடம், கம்பெனி வாரண்டி ஒரு வருஷம் இருக்கு. இன்னும் ரெண்டு வருஷம் எக்ஸ்டெண்ட் பண்ணிக்கலாம். 5,999தான். நாள் கணக்குப் பார்த்தா 8 ரூபாய். ஒரு டீகூட இன்னிக்கு 8 ரூபாய்க்குக் கிடைக்காது மேடம்."

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் வீட்டுக்காரர், "போட்டுடுப்பா" என்று சொல்லிவிட்டார்.

அவர் ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதியவர். கீரைக்காரியிடம் ஒரு கட்டுக்கு நாலு வார்த்தை பேரம் பேசாமல் வாங்க மாட்டார். அப்பேர்ப்பட்டவர் 6,000 ரூபாயை ஒரு வார்த்தையில் தூக்கிக் கொடுக்கிறார் என்றால், அதற்குக் காரணம் உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது உங்களுக்கு விளங்கும்.

2015-ஆம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதியைத் தாம்பரத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலைக்குள், 24 மணி நேரத்தில், தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. அப்போது நாங்கள் முடிச்சூர்ப் பக்கம் கீழ்த் தளத்தில் குடியிருந்தோம். அடையாறு என்றால் திரு.வி.க. பாலத்தடியில் ஓடுகிற ஆறு என்றுதான் பட்டணத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். அது எங்கள் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீரில் பிறந்து, எங்கள் வாசலைத் தாண்டித்தான் அங்கே போகிறது. அன்று தாண்டிப் போகவில்லை, உள்ளே வந்துவிட்டது. ராத்திரியில் மாடி வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். அரிசி மூட்டை மாடி ஏறிற்று. ரேஷன் கார்டு ஏறிற்று. எட்டு வயதுப் பெண்ணின் பள்ளிக்கூடப் பையும் ஏறிற்று. அலமாரியின் அடித்தட்டில் இருந்த பழைய லாப்டாப்பை மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை.

அதற்கு வாரண்டி இருந்தது. 2013-ல் வாங்கும்போது இதே மாதிரி இரண்டு வருஷம் கூடுதலாகப் பணம் கட்டியிருந்தோம். இன்னும் ஏழு மாசம் பாக்கி. தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவி, படுக்கைகளையெல்லாம் தெருவில் கொட்டின பிறகு, எங்கள் வீட்டுக்காரர் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனார். அங்கே இருந்த பையன் அடிப்பலகையைக் கழற்றி, உள்ளே ஒரு இடத்தைக் காட்டினானாம். வெள்ளையாக ஒட்டியிருக்க வேண்டிய சிறு பொட்டு, ஈரம் பட்டால் சிவந்துவிடுமாம். குங்குமம் மாதிரிச் சிவந்திருந்தது. "தண்ணி பட்டா வாரண்டி கிடையாது சார்" என்று காகிதத்தின் பின்பக்கம் எட்டாவது வரியைக் காட்டினான். அவன் மேல் தப்புச் சொல்லவில்லை நான். எட்டாவது வரி 2013-லேயே அங்கேதான் இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை.

மெஷின் போனது போகட்டும். அதற்குள்ளே என் மாமியார் இருந்தார்.

சிரிக்காதீர்கள். அவர் 2014-ல் காலமானார். அதற்குச் சில மாசம் முன்னால், நார்த்தங்காய் ஊறுகாய் போடும் பக்குவத்தை அவர் எனக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் போடாமல் பதிவு செய்துவிட்டார். முக்கால் மணி நேரம். ஊறுகாய் கொஞ்சம்தான், பாக்கியெல்லாம் ஊர் வம்பு. நடுவில் ஒரு இடத்தில் இந்த லாப்டாப்பைப் பார்த்து, "இதுக்கு ரெண்டு வருஷம் கூட வாரண்டியாமே? 'வாரேண்டி, வாரேண்டி'ன்னு சொல்லிட்டுப் போனவன் எவன்டி திரும்பி வந்தான்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடியும்.

ஒருவர் யோசனை சொன்னார் என்று, மின்சார ரயிலில் எழும்பூர் போய், அங்கிருந்து ரிச்சி தெருவுக்குப் போனோம். மவுண்ட் ரோடுக்குப் பக்கத்தில், எலெக்ட்ரானிக் சாமான் எதுவானாலும் கிடைக்கிற, எதையானாலும் பிரித்து மேய்கிற தெரு. வெள்ளம் வடிந்த சமயம் அல்லவா? எங்களைப் போல் ஈர மெஷினைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, போட்டோக்களில் பாதியை மீட்டுக் கொடுத்தார்கள். மாமியார் பேச்சின் பெயர் மட்டும் பட்டியலில் இருந்தது. தொட்டால் திறக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது, குரோம்பேட்டை தாண்டின பிறகு, "எங்கம்மா குரல் எனக்கு மறந்து போயிடுமோ?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து அவருக்கு வாரண்டி என்றால் கோயில் பிரசாதம் மாதிரி. யார் கொடுத்தாலும் கையை நீட்டிவிடுவார். மிக்ஸிக்கு உண்டு, பிரிட்ஜுக்கு உண்டு, கொசு அடிக்கிற பேட்டுக்குக்கூட ஒரு தடவை விசாரித்தார். இப்போது சொல்லுங்கள், கடையில் அவர் "போட்டுடுப்பா" என்றபோது நான் எப்படித் தடுப்பேன்?

ஆனாலும் தடுத்தேன். "இன்னிக்கே போடணுமா தம்பி?" என்று கேட்டேன்.

"ஆமா மேடம், பில்லோடதான் போடணும்."

"அப்ப வேண்டாம்."

"பதினஞ்சு நாளுக்குள்ள வந்தாலும் போடலாம் மேடம்" என்றான் பையன், கொஞ்சம் அசடு வழிய.

நானாகக் கேட்டிராவிட்டால் அந்தப் பதினைந்து நாள் எனக்குக் கிடைத்திருக்காது. பிரிட்டனில் 2005-ல் இதற்கென்றே ஒரு உத்தரவு போட்டார்கள். சாமான் விலைக்குப் பக்கத்திலேயே வாரண்டி விலையையும் எழுதி வைக்க வேண்டும். வாங்கின பிறகு 45 நாளைக்குள் மனம் மாறினால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். பில் போடும் இடத்தில் அவசரப்படுத்துவது சீமையிலும் உள்ள வழக்கம்தான் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். அமெரிக்காவில் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்று ஒரு பத்திரிகை, 1936 முதல் நடக்கிறது. இந்த மாதிரிக் கூடுதல் வாரண்டிகள் பெரும்பாலும் வேண்டாம் என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். அதே தேசத்தில் வாரண்டி விற்கிற 'ஸ்கொயர் டிரேட்' என்ற கம்பெனி, 2009-ல் 30,000 லாப்டாப்புகளைப் பார்த்து ஒரு கணக்கு வெளியிட்டது. மூன்று வருஷத்துக்குள் நூற்றுக்கு 31 மெஷின் பழுதாகிறது; அதில் 20 தானாகக் கெடுவது, மீதி 11 கீழே விழுந்தும் காபி கொட்டியும் கெடுவது. கணக்குச் சொன்னவர் வாரண்டி விற்கிறவர் என்பதை மறக்க வேண்டாம். பழைய கணக்கு, அயல் தேசத்துக் கணக்கு என்பதும் வாஸ்தவம். இருந்தாலும் கையில் அதுதான் இருந்தது.

நம் பாஷையில் சீட்டுக் கணக்காகப் பாருங்கள். நூறு வீடு சேர்ந்து ஆளுக்கு 6,000 போட்டால் 6 லட்சம். அதில் இருபது வீட்டில் மெஷின் தானாகக் கெடுகிறது என்று வையுங்கள். குரோம்பேட்டையில் ரிப்பேர் செய்கிற ஒருவரிடம் என் தம்பி விசாரித்தான். இந்த மாதிரி மெஷினுக்கு உள்ளே இருக்கும் மதர்போர்டே போனாலும் 15,000-க்குள் முடியும் என்றாராம். இருபது வீட்டுக்கும் அதே பெரிய செலவு வந்தாலும் 3 லட்சம்தான். அதிலும் முதல் வருஷத்தில் கெடுகிறவை இலவசக் கணக்கில் போய்விடும். மிச்ச 3 லட்சம் எங்கே போகிறது? சீட்டு நடத்துகிறவருக்கே நூற்றுக்கு 7 ரூபாய்க்கு மேல் கமிஷன் கூடாது என்று நம் சட்டம் சொல்கிறது. 2019-ல் திருத்துவதற்கு முன்னால் 5 ரூபாய்தான். இங்கே என் கணக்குப்படி பாதிப் பணம் சீட்டுக்காரரிடமே நின்றுவிடுகிறது!

வெற்றியோடு எங்கள் வீட்டுக்காரரிடம் கொண்டுபோய் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கூட்டல் சரியா என்று பார்த்தார். பிறகு, "நூறு வீட்டுக் கணக்கு எனக்கு எதுக்கு? நம்ம வீடு அந்த இருபதுல ஒண்ணா இருந்தா?" என்றார்.

அது நியாயமான கேள்வி, அம்மா. நான் பதில் சொல்ல முடியாமல் சேலையூரில் இருக்கும் என் சிநேகிதிக்குப் போன் செய்தேன். அவள் வீட்டிலிருந்தபடியே சிறு கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதித் தருகிறாள். பிரதி மாசமும் 20-ந் தேதி நெருங்கினால் அவளோடு யாரும் பேச முடியாது. அவள் மூன்று வருஷத்துக்கும் வாரண்டி எடுத்திருந்தாள். கடைக்காரருடையது அல்ல, மெஷின் செய்த கம்பெனியுடையது. ஆள் வீட்டுக்கே வந்து பார்க்கிற ரகம். இரண்டாவது வருஷம் ஒரு 16-ந் தேதி மெஷின் செத்துப் போயிற்று. 18-ந் தேதி ஆள் வந்து போர்டை மாற்றிவிட்டுப் போனான். "எனக்கு அந்த 15,000 பெரிசில்லைடி. ரெண்டு நாள்ல வந்தான் பாரு, அதுக்குத்தான் நான் பணம் குடுத்தேன்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு மெல்லப் புரிந்தது. அவளுக்கு மெஷின் நின்றால் சோறு நிற்கும். எங்கள் பெண்ணுக்கு நின்றால், நாலு நாள் சிநேகிதியிடம் கேட்டோ, காலேஜ் லைப்ரரியில் உட்கார்ந்தோ சமாளிப்பாள். 15,000 ஒரே சமயத்தில் வந்தால் எங்களுக்கு வலிக்கும், ஆனால் தாங்கும். அதுவே தாங்காத வீடாக இருந்தால், பாதிப் பணம் வீண் என்று தெரிந்தே அந்தக் காகிதத்தை வாங்கலாம். அதை அசட்டுத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பன்னிரண்டாம் நாள் மறுபடி கடைக்குப் போனேன். இந்தத் தடவை தனியாக. அதே பையன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இல்லாததால் நிதானமாகப் பேசினான்.

"பேட்டரி போனா?"

"அது ஒரு வருஷம்தான் மேடம். இதுல வராது."

"ஸ்கிரீன் உடைஞ்சா?"

"தானா கோடு விழுந்தா வரும். உடைஞ்சா வராது. அது வேற பிளான்."

"தண்ணி கொட்டினா?"

"வராது மேடம்."

"ரிப்பேரே பண்ண முடியலேன்னா புதுசு குடுப்பீங்களா?"

"அன்னிக்கு என்ன மதிப்போ, அது குடுப்பாங்க." முதல் விலையில் வருஷத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்களாம். அதுவும் கடையில் சாமான் வாங்கிக்கொள்ளும் சீட்டாக.

"யார் ரிப்பேர் பண்ணுவாங்க? கம்பெனியா, நீங்களா?"

"எங்க ஷோரூம் பிளான் மேடம். நாங்க எடுத்து அனுப்புவோம். பத்து, பதினஞ்சு நாள் ஆகும்."

கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னான். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "மாசம் இருபது பிளான் போடணும் மேடம், அதான் எல்லாரையும் கேக்கறேன்" என்றான். எனக்கு மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. அவனுக்காகவாவது வாங்கிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றிற்று. அதற்குப் பதிலாக அவனிடமே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். 4,300 ரூபாய். அது அவனுடைய இருபதில் சேருமா என்று கேட்டேன், சேராதாம்.

மெஷின் தானாகக் கெட்டால் சட்டம் கொஞ்சம் துணை இருக்கிறது என்பதையும் இந்தப் பத்து நாளில் தெரிந்துகொண்டேன். சாமானில் செய்நேர்த்தியிலேயே குறை இருந்து, கடைக்காரரும் கம்பெனியும் கையை விரித்தால், 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து முறையிடலாம். அதற்கும் மசியாவிட்டால் இரண்டு வருஷத்துக்குள் ஜில்லா நுகர்வோர் கமிஷனில் மனுப் போடலாம். 2019-ல் வந்த சட்டப்படி, நாம் குடியிருக்கும் ஜில்லாவிலேயே போடலாம், தாம்பரத்துக்காரர்களுக்குச் செங்கல்பட்டு. 5 லட்சம் ரூபாய் வரை உள்ள சாமானுக்குக் கட்டணம் கிடையாது. பில்லைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பில் எப்போதும் ஊறுகாய் ஜாடிக்கு அடியில்தான் இருக்கும். இனிமேல் இடம் மாற்ற வேண்டும்.

பாக்கி இருந்தது பெண்ணின் கவலை. அவள் ஒருநாள் என்னைக் காலை எட்டு மணி வண்டியில் தன்னோடு ஏற்றிவிட்டாள், எனக்குப் புரிய வேண்டும் என்று. தாம்பரத்தில் உட்கார இடம் கிடைத்தது என்னவோ வாஸ்தவம். பல்லாவரத்தில் என் மடியில் ஒரு டிபன் கேரியர் வந்து சேர்ந்தது; மீனம்பாக்கத்தில் என் காலே எங்கே என்று தெரியவில்லை. பெண் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, குழந்தையை அணைப்பது போல் அணைத்துக்கொண்டு நின்றாள். இது தானாகக் கெடப் போகிற மெஷின் அல்ல. விழுந்து அல்லது நசுங்கிக் கெடப் போகிற மெஷின். கடைப் பையன் விற்ற காகிதம் அதற்கு ஒத்தாசை செய்யாது.

மெஷின் செய்த கம்பெனியில் விசாரித்தோம். விழுதல், உடைதல், தண்ணீர் கொட்டுதல் இவற்றுக்கென்று தனியாக ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு 2,400 ரூபாய். வருஷத்தில் ஒரு தடவைதான் கேட்கலாம். வாங்கின சில நாளைக்குள் எடுத்துவிட வேண்டும் என்று நிபந்தனை. வரி வரியாக, எட்டாவது வரியை இரண்டு தடவையாக, எங்கள் வீட்டுக்காரரே உரக்கப் படித்தார். வெள்ளம் இதிலும் சேராது. அதைப் படித்ததும் என்னைப் பார்த்தார்.

"வெள்ளத்துக்கு மாடிதாங்க" என்றேன். 2017-லேயே முதல் மாடிக்கு வந்துவிட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மறுபடி தண்ணீர் நின்றது. எங்கள் வீட்டில் அலமாரியின் அடித்தட்டு உலர்ந்தே இருந்தது.

அந்த ஒரு வருஷத் திட்டத்தை எடுத்தோம். 2,400-ம் ஹார்ட் டிஸ்க் 4,300-ம் சேர்ந்து 6,700. அதாவது, 5,999-ஐ மிச்சம் பிடிப்பதற்காக 700 ரூபாய் கூடச் செலவழித்தேன். "உன்னை ரயில்வேயில் கணக்கு எழுத விட்டிருந்தா வண்டியே ஓடியிருக்காது" என்று எங்கள் வீட்டுக்காரர் இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும்.

இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காபி ஆனதும், பெண்ணின் லாப்டாப்பில் உள்ளதையெல்லாம் அந்த டிஸ்க்கில் பிரதி எடுப்பது அவர் உத்தியோகம். பெண் சொல்லிக்கொடுத்ததை ஒரு நோட்டில் நம்பர் போட்டு எழுதி வைத்துக்கொண்டு, தேதி போட்டுக் கையெழுத்தும் போடுகிறார். எடுத்து முடித்ததும் ஒரு பழைய வெற்றிலைப் பெட்டியில் வைத்து, குரோம்பேட்டையில் என் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார். "ரெண்டு வீட்லயும் ஒரே நாள்ல தண்ணி வராது" என்பது அவர் தீர்மானம். அடுத்த ஞாயிறு திரும்ப வாங்கி வருவார். என் தம்பி மனைவிக்கு இதில் கொஞ்சம் அலுப்புத்தான். வாராவாரம் அண்ணனுக்கு டிபன் செய்ய வேண்டியிருக்கிறதே!

போன வாரம் அவருக்குக் கால் வலி என்று நான் கொண்டுபோனேன். தம்பி வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அந்த டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தோம். காலேஜ் பாடங்கள், பழைய போட்டோக்கள், எல்லாவற்றுக்கும் கீழே தேதி போட்டு எட்டுப் பத்துப் பதிவுகள். ஒன்றைத் தட்டினான் தம்பி. பாத்திரம் விழுகிற சத்தம். குக்கர் விசில். அப்புறம் ஒரு குரல், கர்ண கடூரமாக:

"ஏங்க, பாலை இறக்கச் சொன்னேனே, இறக்கினீங்களா? அங்கே என்ன பண்றீங்க போனைக் கையில வச்சுக்கிட்டு?"